குறுக்குக் கம்பி

பார்ட்ரிட்ஜ் ஹாலோ கார் பந்தயத் திடலில் வண்டியைச் சோதிக்க எம்மெட் ஹஃபுக்கு விளக்கும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம், இடுப்பு போதும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, கொட்டிலில் மாட்டை ஒதுங்கச் சொல்கிறவர் மாதிரி இடுப்பால் ஓர் இடி இடிப்பார். வண்டியின் உடம்பு ஒரு விரல்கடை அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். வந்தால் சரி, கண்ணாடியில் பச்சைச் சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அசையாமல் கெட்டியாக நின்றால்தான் வினை. உடனே கோணியை விரித்து, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே வண்டிக்குக் கீழே நுழைவார். மற்ற ஊரிலெல்லாம் ஆடுகிற வண்டியைத்தான் திருப்பி அனுப்புவார்கள். இங்கே ஆடாத வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று வெளியாள் சொல்லலாம். உள்ளூரில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் எம்மெட்டின் தங்கை வெர்னாதான்.

ஏரிக்கரைப் பழைய வண்டிச் சங்கத்தின் விதி அது. சின்ன இங்கிலீஷ் வண்டிகளின் பின்பக்கம் பிறந்தபடியே இருக்க வேண்டும். இந்த வண்டிகளில் பின் அச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது, எஃகுத் தகடுகளை வில் மாதிரி அடுக்கின இரண்டே இரண்டு பட்டைக் கட்டுகள். ஒரு முனை வண்டியின் வயிற்றில் இறுகியிருக்கும், மறுமுனை அச்சைக் கவ்வியிருக்கும். முன்பின்னாக அது தாங்கும், மேலும் கீழும் தாங்கும். பக்கவாட்டில் மட்டும் பிடிப்பு கிடையாது. வளைவில் வேகமாகத் திரும்பினால் உடம்பு ஒரு பக்கம் போகும், அச்சு கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பியை அச்சின் ஒரு கோடியிலிருந்து உடம்பின் மறுகோடிக்குக் குறுக்கே கட்டிவிட்டால் அந்த ஆட்டம் நின்றுவிடும். வெல்டிங் தெரிந்தவனுக்கு அரைநாள் வேலை. அந்தக் கம்பியைத்தான் சங்கம் கூடாது என்று வைத்திருந்தது.

வெர்னாவுக்கு வெல்டிங் தெரியும். அவளும் அவள் புருஷன் மெர்ல் ஸ்டில்வெல்லும் செனெகா ஏரிக்குக் கிழக்கே மேட்டில் பட்டறை வைத்திருந்தார்கள். திராட்சை பறிக்கிற இயந்திரம், பால் டாங்கர், உரம் இறைக்கிற வண்டி என்று அந்தச் சரிவில் உடைந்ததெல்லாம் அவர்களிடம்தான் வரும். கொக்கி மாட்டித் தூக்குவதும் பிரிப்பதும் மெர்லின் வேலை. ஒட்டுவது வெர்னாவின் வேலை. இரண்டு பேர் கையிலும் கரி போகாது. கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்தில் கை கோக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

போன வருஷம் அக்டோபர் பந்தயத்தில், பைன் மரங்களுக்குக் கீழே இறக்கத்தில் திரும்புகிற வளைவில், மெர்லின் தவளைக்கண் வண்டி வாலை வீசிக்கொண்டு போய் மண்மேட்டில் பக்கவாட்டாக மோதியது. முன்விளக்கு இரண்டும் முழித்துக்கொண்டு மேலே நிற்பதால் அந்த வண்டிக்கு அந்தப் பேர். மெர்லுக்கு வலது இடுப்பும் தொடையும் நொறுங்கின. சைரக்யூஸ் ஆஸ்பத்திரியில் இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பனிக்காலம் போய் வசந்தம் வந்த பிறகும் மெர்ல் சக்கர நாற்காலியில்தான் இருந்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் ரோண்டா சனிக்கிழமைதோறும் வந்தால் மட்டும் உயிர் வரும். அவள் பால் பண்ணைக் கூட்டுறவில் பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள், இருபத்தேழு வயது, அப்பாவின் தாடை, அப்பாவின் பிடிவாதம். இரண்டு பேரும் பட்டறையில் அடுப்பை மூட்டிக்கொண்டு நசுங்கிய வண்டியை நிமிர்த்த ஆரம்பித்தார்கள். வெர்னா சந்தோஷப்பட்டாள். கிழிந்த தகட்டையெல்லாம் அவளே ஒட்டிக் கொடுத்தாள். மனுஷனுக்குப் பொழுது போகிறது, வண்டியை விற்றுவிடுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆசைக்குக் கண் தெரியாது அல்லவா, அவளுக்கும் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் ஒருநாள் ரோண்டா இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்ல் மிதிகட்டையை அவள் காலுக்குத் தக்கபடி நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு இந்த அளவு?" என்றாள் வெர்னா.

ரோண்டா நீட்டின காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மெர்ல், உன்னத்தான் கேக்கறேன்."

"செப்டம்பர் பந்தயத்துல ரோண்டா ஓட்டறா. பந்தய லைசென்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டியாச்சு."

"அம்மா, நீ கத்தாத. நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல."

"நான் எங்கடி கத்துனேன்? இன்னும் வாயவே திறக்கல." வெர்னா கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள். "அதே வண்டி. அதே பட்டை. அதே வளைவு. உங்கப்பன் இடுப்பைக் கொடுத்தான். நீ என்ன கொடுக்கப் போற?"

"அப்பா தப்பு பண்ணாருன்னு அவரே சொல்றாரு."

"வளைவுக்கு நடுவுல ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுத்துட்டேன்," என்றான் மெர்ல், பாடம் ஒப்பிப்பது போல. "எடுக்கக் கூடாது. எடுத்தா வால் வரும். சின்னப் பையனுக்கும் தெரியும்."

"குறுக்குக் கம்பி இருந்தா வருமா?"

மெர்ல் தலையைத் திருப்பிக்கொண்டான். "அது தவளைக்கண்ணே இல்ல அப்புறம்."

மகளைக் கையைப் பிடித்து நிறுத்த முடியாது என்று வெர்னாவுக்குத் தெரியும். அவளையும் யாராலும் நிறுத்த முடிந்ததில்லை. அதனால் விதியை மாற்றப் போனாள். ஏப்ரலில் விவசாயிகள் மன்றத்தில் சங்கக் கூட்டம், வெள்ளிக்கிழமை, மீன் வறுவலோடு. முட்டைக்கோஸ் கூட்டும் உருளை வறுவலும் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருக்க, எம்மெட் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா வெர்னா, நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா பாரு. இன்னிக்கு ஒரு கம்பிம்பீங்க. நாளைக்கு ஒருத்தன் வந்து பட்டையே வேற வேணும்பான். அதுக்கடுத்தவன் அச்சையே மாத்துவான். அப்புறம் எதுக்கு இந்தப் பழசு? கடையில போய்ப் புதுசா ஒண்ணு வாங்கி ஓட்டிட்டுப் போயிடலாமே."

"ஹெல்மெட் மட்டும் வருஷா வருஷம் புதுசு போடறீங்க. அது அந்தக் காலத்துல இருந்துச்சா, அண்ணே?"

சிலர் சிரித்தார்கள். பல் டாக்டர் ஹார்லன் பீபி, அந்தக் கூட்டத்திலேயே காசுக்காரர், மூன்று வண்டி வைத்திருப்பவர், மரியாதையாகவே சொன்னார்: "அது தலைக்கு, வெர்னா. வண்டிக்கு இல்ல."

"இடுப்பு எதுல சேத்தி டாக்டர்? தலையிலயா, வண்டியிலயா?"

சிரிப்பு நின்றுபோயிற்று. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் அவள் ஜெயித்திருப்பாள். கை தூக்கச் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு மேல் தூக்கியிருப்பார்கள். ஆனால் எம்மெட் நல்ல மனுஷர், நியாயஸ்தர். அடிபட்டவனைக் கேட்காமல் எப்படி என்று நினைத்தார்.

"மாப்ள, நீ சொல்லு. உனக்கு என்ன தோணுதோ அதையே வெச்சுக்கலாம்."

மெர்ல் நாற்காலியை ஒரு சாண் முன்னால் உருட்டினான். முகம் சவரம் செய்து பளபளவென்று இருந்தது. "தப்பு என் கால் மேல. வண்டி என்ன பண்ணும், பாவம். விதி அப்படியே இருக்கட்டும்."

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். ஹார்லன் பீபி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெர்னா உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது வெர்னாதான் டிரக்கை ஓட்டினாள். ஏரியிலிருந்து சாரல் வந்து கண்ணாடியில் அறைந்தது.

"எனக்கு எதிராப் பேசணும்னு முடிவு பண்ணியிருந்தா, வீட்டுல சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"உனக்கு எதிராப் பேசல."

"பின்ன யாருக்கு எதிரா?"

மெர்ல் தொடையைத் தடவிக்கொண்டே வந்தான். அப்போதுதான் வெர்னாவுக்கு விளங்கிற்று. விதி தப்பென்று அவன் ஒப்புக்கொண்டால், அந்த இடுப்பு ஒரு கம்பிக்காகப் போன இடுப்பாகிவிடும். தன் கால் தப்பென்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. மனுஷன் அந்தக் கௌரவத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். அவள் மனசு ஒரு நிமிஷம் இளகியது. மகள் ஞாபகம் வந்ததும் இறுகிக்கொண்டது. உன் கௌரவத்துக்கு உன் இடுப்பைக் கொடு, என் பெண்ணைக் கொடுக்காதே என்று சொல்ல வாய்வரை வந்தது.

ஆகஸ்டில், மெர்லைக் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் இறக்கிவிட்டு வந்து, வெர்னா தனியாகக் கம்பியைச் செய்தாள். திராட்சை இயந்திரத்திலிருந்து கழித்த நல்ல எஃகு. எம்மெட்டின் இடுப்பு அவளுக்குத் தெரியாதா? அதனால் ஒரு முனையில் வட்டத் துளை போடாமல் நீளத் துளையாகப் போட்டாள். கையால் தள்ளினால் ஒரு விரல்கடை உடம்பு ஆடும். அதற்குமேல் போனால் போல்ட் துளையின் கோடியில் முட்டி நிற்கும். வளைவில் அந்த ஒரு விரல்கடைக்குப் பிறகு அச்சு எங்கேயும் போக முடியாது. அச்சில் ஒரு கொக்கியை ஒட்டி, புகைக்குழாய்க்கு மேலே மறைவாகப் பொருத்தி, கருப்படித்து, கிரீஸைத் தடவி, வாசல் மண்ணை அள்ளித் தூவினாள். அவள் வாழ்நாளில் செய்த வேலையிலேயே அழகான வேலை அது. யாரிடமும் காட்ட முடியாத வேலையாகவும் போய்விட்டது.

செப்டம்பர் கடைசியில் திராட்சை பழுத்து ஊர் முழுக்க ஜாம் கொதிக்கிற வாசனை. திடலில் சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். புல்லெல்லாம் சேறு, கூடாரத் துணியெல்லாம் சொட்டு. ஒருபக்கம் வினிகரில் ஊறின கோழி கரி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. ரோண்டா அப்பாவின் பழைய உடுப்பைப் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். மெர்ல் தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலியில், மடியில் போர்வையோடு. எம்மெட் வரிசையாக இடித்துக்கொண்டே வந்தார்.

தவளைக்கண்ணை இடித்தார். உடம்பு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. எம்மெட் பச்சைச் சீட்டை உரித்தார். "நல்லா இருக்கும்மா ரோண்டா. பத்திரமா ஓட்டு."

வெர்னா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"மச்சான்," என்றான் மெர்ல். "இன்னொரு தடவை தள்ளு."

"எதுக்கு? ஆடுதே."

"தள்ளு சொல்றேன். பலமா."

எம்மெட் மறுபடி இடித்தார். மழைச் சத்தத்துக்கு நடுவில் வேறு யார் காதுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எம்மெட்டுக்கு முன்னால் அந்தத் திடலில் வண்டிகளை இடித்துக்கொண்டிருந்தவன் மெர்ல்தான். போல்ட் போய் முட்டுகிற அந்த மெல்லிய 'டிக்' அவன் காதில் விழுந்துவிட்டது.

"கீழ போய்ப் பாரு," என்றான். வெர்னாவை அவன் பார்க்கவே இல்லை.

எம்மெட் கோணியை விரித்து நுழைந்தார். அவருடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு வெளியே வந்து, முழங்காலில் உட்கார்ந்தபடியே தங்கையைப் பார்த்தார்.

"இது உன் ஒட்டுதானே, வெர்னா."

"வேற யாரு இவ்ளோ சுத்தமா ஒட்டுவா?"

"அம்மா!" ரோண்டாவின் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? எனக்கே தெரியாம? நான் ஜெயிச்சிருந்தா? நாளைக்கு எல்லாரும் என்னை ஏமாத்துக்காரின்னு சொல்லியிருப்பாங்களே!"

"சொல்லட்டும். ரெண்டு கால்ல நின்னு கேட்டுட்டு இருந்திருப்ப."

"அப்பாவைக் குத்திக் காட்டாத."

"அவனைக் குத்தல. உனக்குச் சொல்றேன்." வெர்னா மெர்ல் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, அண்ணனுக்கே தெரியல. சீட்டு ஒட்டப் போயிட்டாரு. வாயை மூடிட்டு இருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"என் பேர் இருக்கு வெர்னா அந்த வண்டி மேல."

"உன் பொண்ணு இருக்கா அந்த வண்டிக்குள்ள."

மெர்ல் போர்வையை இழுத்து மடியில் சரிசெய்துகொண்டான். சுற்றி நின்றவர்கள் கூடாரக் கயிற்றை இறுக்குவது போலவும் தேநீர்க் குடுவையைத் தேடுவது போலவும் பாவனை செய்தார்கள். நல்லவர்கள், அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்க்கக் கூசுகிறவர்கள்.

எம்மெட் எழுந்து மெதுவாகச் சொன்னார்: "யாரும் எழுதிக்க வேணாம். நான் பாக்கவே இல்ல. அந்தக் கம்பிய எடுத்துடு, திரும்பத் தள்ளிப் பாக்கறேன், சீட்டு ஒட்டிடறேன். அச்சுல ஒட்டியிருக்க கொக்கியையும் அறுத்துடு. நீயே அறு, வேற யாரும் தொட்டா அசிங்கமாப் போயிடும்."

அது அவர் காட்டிய பெரிய தயவு. வேறு யாராவது என்றால் அந்த வருஷமே சங்கத்தை விட்டு விலக்கியிருப்பார்கள். அந்தத் தயவுதான் வெர்னாவுக்குப் பற்றி எரிந்தது.

ஜெனரேட்டரை ஓடவிட்டு, அறுக்கிற கிரைண்டரை எடுத்துக்கொண்டு அவள் கீழே போனாள். வண்டி தாங்கிகளில் நின்றது. தீயணைக்கிற குப்பியைப் பிடித்துக்கொண்டு எம்மெட் குனிந்து நின்றார். முதலில் கம்பி கழன்று விழுந்தது. பிறகு கொக்கி. எம்மெட் போதும் என்று நினைத்து நிமிர்ந்தார். கிரைண்டர் நிற்கவில்லை. பொறி இப்போது அச்சுக்கு முன்னாலிருந்து பறந்தது.

"இன்னும் என்னம்மா?"

எஃகு அறுபடுகிற சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. தகடு தகடாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, இங்கிலாந்தில் யாரோ முறுக்கேற்றி அனுப்பின பட்டைக் கட்டு. அவள் மேலிருந்து கீழ்வரை அறுத்தாள். பிறகு அந்தப் பக்கம் புரண்டு போய் இன்னொன்றையும் அறுத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகையா அழுகையா என்று அவளே பார்க்கவில்லை.

வெளியே வந்து முகத்துக் கண்ணாடியைத் தூக்கினாள். "இறக்குங்க."

ஜாக்கியை இறக்கினதும் தவளைக்கண்ணின் பின்பாதி அப்படியே அச்சின்மேல் உட்கார்ந்துவிட்டது. முன்விளக்கு இரண்டும் வானத்தைப் பார்த்தன. ரோண்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எம்மெட் தங்கையின் பக்கத்தில் வந்தார். எல்லார் காதிலும் விழும்படி, ஆனால் மென்மையாகக் கேட்டார்: "கை தவறிடுச்சாம்மா?"

"கை தவறல," என்றாள் வெர்னா. "வேணும்னுதான் அறுத்தேன்."

எம்மெட் அவள் தோளைத் தட்டினார். பிறகு திடல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"ஸ்டில்வெல் வண்டிக்குப் பட்டை போச்சு! யார்கிட்ட இருக்கு?"

அந்தக் குரல் எழும்பினால் அந்தத் திடலில் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். அது அவர்களுடைய வழக்கம். உடைந்த வண்டி எதிரியுடையது என்றாலும், மறுநாள் தன்னையே முந்தப் போகிற வண்டி என்றாலும், இருக்கிற சாமானைக் கொண்டுவந்து கொட்டி, சாயங்காலத்துக்குள் எழுப்பி நிறுத்திவிடுவார்கள். எத்தனையோ வருஷம் வெர்னாவே முதல் ஆளாக ஓடியிருக்கிறாள். இப்போது ஹார்லன் பீபி மெழுகுத் தாள் பிரிக்காத புதுப் பட்டை ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு மழையில் வந்தார். இன்னொருவர் ஜோடிக்கு ஒன்று கொண்டுவந்தார். போல்ட் வந்தது, ஜாக்கி வந்தது, விளக்கு வந்தது. யாரோ சூடாக மான்கறிக் குழம்பு கொண்டுவந்தார்கள். வண்டிக்குக் கீழே இந்தப் பக்கம் இரண்டு ஜோடி பூட்ஸ், அந்தப் பக்கம் இரண்டு ஜோடி.

"வேணும்னு அறுத்தேங்கறேன்," என்றாள் வெர்னா ஹார்லனிடம். "காதுல விழலையா டாக்டர்?"

"விழுந்துச்சும்மா." அவர் அவள் முழங்கையைப் பிடித்து, ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார். "பாவம், ரொம்ப நாளா மனசுல வெச்சு அழுத்திட்டு இருந்திருக்க. எங்க வீட்டுலயும் இப்படித்தான், என் பொண்டாட்டி ஒரு தடவை சாவியக் கொண்டுபோய் ஏரியில வீசிட்டா. உக்காரு. நாங்க பாத்துக்கறோம்."

திட்டியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். விரட்டியிருந்தால் மகளையும் இழுத்துக்கொண்டு வீடு போயிருப்பாள். இவர்கள் அவள் செய்ததை உடைசல் ஆக்கிவிட்டார்கள். உடைசல் என்றால் சரிசெய்து கொடுக்கத் தெரியும் அவர்களுக்கு. ஒரு பெண்பிள்ளை சொல்கிற வார்த்தையை என்ன செய்வதென்றுதான் தெரியாது. யாரோ அவள் மடியில் ஒரு தட்டை வைத்தார்கள். உப்பில் வெந்த குட்டி உருளைக்கிழங்கு, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. அவள் பசியோடுதான் இருந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இன்னொன்றையும் பார்த்தாள். மெர்ல் நாற்காலியை வண்டிக்கு ஒட்டிக் கொண்டுவந்துவிட்டான். "மச்சான், அந்தப் போல்ட்டை இப்ப இறுக்காத, வண்டி நிலத்துல நின்னப்புறம் இறுக்கணும். ஹார்லன், கையை எடு, பல்லப் புடுங்கற மாதிரி புடுங்காத!" எல்லாரும் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தான். ஒரு வருஷத்தில் அவன் இப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. கன்னத்தில் ரத்தம் ஓடிற்று. போர்வை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் முன்னால் சாய்ந்து, கரி படிந்த கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்காக ஒரு தடவை இப்படி முன்னால் சாய்ந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

கோழி தீருவதற்குள் வண்டி நான்கு காலில் நின்றது. எம்மெட் இடித்துப் பார்த்துச் சீட்டை ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. முதல்நாள் சண்டைக்குப் பிறகு ரோண்டா அம்மாவோடு பேசவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சுற்றிலும் நின்ற அத்தனை பேரையும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அம்மா, வாரை நீ இறுக்கு. மத்தவங்க இறுக்குனா தளருது."

வெர்னா போனாள். போகாமல் என்ன செய்ய. தோள் வார் இரண்டையும் இழுத்தாள், இடுப்பு வாரை இழுத்தாள். இன்னும் இழுத்தாள்.

"அம்மா, மூச்சு முட்டுது."

"முட்டட்டும்."

ரோண்டா கையுறை போட்ட கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கோவம் போயிடுச்சும்மா எனக்கு. உனக்கு?"

"ஓட்டிட்டு வா. பேசலாம்."

பைன் வளைவுக்கு எதிரே கம்பி வேலியோரம் போய் வெர்னா தனியாக நின்றாள். வண்டிகள் இறக்கத்தில் கூட்டமாக வந்தன. தவளைக்கண் நடுவில். வளைவில் வால் ஒதுங்கிற்று. ரோண்டா காலை எடுக்கவில்லை. வால் திரும்பி வந்தது, வண்டி போய்விட்டது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அப்போது வெர்னாவுக்குள் ஒரு நினைப்பு வந்தது. வண்டி ஒரே ஒரு தடவை சுழன்றுவிடட்டும். மெதுவாக, புல்லில், அடிபடாமல், பயம் மட்டும் பிடிக்கிற அளவுக்கு. ஒரு தாய் வேலியைப் பிடித்துக்கொண்டு மகளுடைய வண்டி சுழலட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுகிறோம் என்று தெரிந்ததும் வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தெரிந்த பிறகும் அடுத்த சுற்றுக்கு வேண்டாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. நாலாவதாக வந்தாள் ரோண்டா. திடலே ஓடிப்போய் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. மெர்ல் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். எம்மெட் திராட்சைப் பணியாரத்தைக் காகிதத்தட்டில் வைத்துக்கொண்டு வந்து, தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"பாத்தியா வெர்னா? ஒண்ணும் ஆகல பாரு. சும்மா பயந்து செத்த. இனி அடுத்த வருஷக் கூட்டத்துல கம்பிப் பேச்சே வேண்டியதில்ல, என்ன?"

அவள் தலையாட்டினாள். யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை எதிர்த்து எந்தக் கூட்டத்தில் போய்ப் பேசுவாள்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியண்டை போனாள். ரோண்டா ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள். தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, கண் இரண்டும் பளபளத்தன. சின்ன வயதில் காய்ச்சல் விட்ட காலையில்தான் அந்த முகத்தை வெர்னா அப்படிப் பார்த்திருக்கிறாள்.

"பைன் வளைவுல," என்று வெர்னா குனிந்து, மகளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள், "வால் போச்சே. பயமா இல்லையாடி?"

ரோண்டா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இதைப் போய்க் கேட்கிறாயே என்று சிரிப்பு வந்தது அவளுக்கு.

"அது ஒண்ணுக்குத்தாம்மா ஓட்டறதே," என்றாள்.

வெர்னா வாரின் பூட்டை அழுத்தி, மகளை அவிழ்த்துவிட்டாள்.